இருக்கிறது இருக்கிறபடியே

கோர்ட்டு வாசலில் கிடக்கிற பெஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. எலியும் பூனையுமாக வந்தவர்களைக்கூட ஒரே பலகையில் உட்கார வைத்துவிடும். வேறு இடம் கிடையாது. தையல்காரி இடது கோடியில் உட்கார்ந்திருந்தாள். வலது கோடியில் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். நடுவில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். வழக்கு என்னவோ கோடியில் இருந்த இரண்டு பேருக்கும்தான்.

பெரிய சொத்துத் தகராறு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாடிப்படி, அவ்வளவுதான். அப்பா கீழ்வீட்டை மகனுக்கும் மாடிவீட்டை மகளுக்கும் பிரித்து எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். படிக்கட்டு யாருக்கு என்று எழுதவில்லை. படி என்றால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும்தானே, அதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். அந்தப் படி அண்ணன் வீட்டுக் கூடத்தை உரசிக்கொண்டு மேலே போனது. அளவு கொடுக்க ஒருத்தி, பட்டன் அறுந்துபோச்சு என்று ஒருத்தி, தைத்தது இறுக்கிப் பிடிக்கிறது என்று சண்டைக்கு ஒருத்தி என்று விடிந்தால் ஆள் நடமாட்டம். "இது வீடா, சந்தையா?" என்று அண்ணி கேட்டாள். "வயித்துப்பாடு நடக்கிற இடம்" என்று இவள் மாடியிலிருந்து பதில் கொடுத்தாள். வாய் வார்த்தை வளர்ந்தது. ஒரு நாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், படியின் அடியில் புத்தம் புதிதாக ஓர் இரும்புக் கதவு. கதவில் பூட்டு.

அழுதுகொண்டே வக்கீலிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர்தான். "இன்னைக்குக் கதவு போட்டவர் நாளைக்குச் சுவரே எழுப்பிடுவார்மா. முதல்ல அதைத் தடுக்கணும்" என்று சொல்லி, முதல் நாளே ஓர் உத்தரவு வாங்கிவிட்டார். வழக்கு முடிகிறவரை இருக்கிறது இருக்கிறபடியே இருக்க வேண்டும். இரண்டு தரப்பும் எதிலும் கை வைக்கக் கூடாது. வக்கீல் போரில் ஜெயித்து வந்தவர் மாதிரி வெளியே வந்தார். இவளும் நெஞ்சு குளிர்ந்து வீட்டுக்குப் போனாள். கதவின் முன்னால் போய் நின்ற பிறகுதான் மண்டையில் உறைத்தது. இருக்கிறது என்றால் இப்போது இருப்பது பூட்டு. பூட்டும் இருக்கிறபடியேதான் இருக்கும்.

பிறகென்ன, கொல்லைச் சுவரில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற இரும்பு ஏணிதான் வழி. துணி மூட்டையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறப் பழகினாள். வாடிக்கைக்காரர்கள் சந்தில் நின்று குரல் கொடுப்பார்கள், இவள் கயிற்றில் கூடையை இறக்குவாள். பாதிப் பேர் "உன் கடைக்கு வர்றதுக்குக் குரங்காப் பிறந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மா இவளோடு மாடியில் இருந்தாள். முழங்கால் இரண்டும் தேய்ந்தவள், ஏணியில் எப்படி இறங்குவாள்? கதவு போட்ட நாளிலிருந்து அவள் கால் மண்ணில் படவில்லை. ஒருமுறை காய்ச்சலுக்கு டாக்டரை அழைத்துவந்தபோது, அவர் ஏணியின் உச்சியில் நின்று கீழே பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு ஊசி போடுங்க" என்றார். அடுத்த தடவை அவர் வரவில்லை.

கோர்ட்டோ தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஒரு நீதிபதி, அவருக்கு மாற்றல். அடுத்தவருக்குப் பிரசவ விடுப்பு. அதற்கடுத்து ஆளே இல்லாமல் நாற்காலி மட்டும். நடுவில் மேலிடம் விழித்துக்கொண்டு, வழக்குகள் மலையாகக் குவிந்துவிட்டன, புதுசு எதுவும் தேங்கக் கூடாது, அதை முதலில் முடியுங்கள் என்றது. இவளுடையது அப்போது பழசாகிவிட்டது. கொஞ்ச காலம் கழித்து, பழசுதான் நாறுகிறது, அதை முதலில் முடியுங்கள் என்றது. விசாரித்தால், "உங்களது அவ்வளவு பழசு இல்லம்மா. தாத்தா பேர்ல போட்ட கேஸையெல்லாம் பேரன் நடத்திக்கிட்டு இருக்கான். வரிசையில நில்லுங்க" என்றார்கள். இரண்டும் கெட்டான் வயசில் மாட்டிக்கொண்டது வழக்கு.

இந்த வருஷம் மூன்றாவது ஞானோதயம். 'நிலுவை ஒழிப்பு' என்று வாசலில் பெரிதாகத் துணி கட்டியிருந்தார்கள். கதவுக்கு மேலே ஒரு திரை மாட்டியிருந்தது. அதில் எண்கள் ஓடின. முன்பெல்லாம் டவாலி வாசலில் வந்து நின்று, கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். அவர் கூப்பிட்டால் தெருக்கோடி டீக்கடையில் இருப்பவன்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவருவான். இப்போது கூப்பிடக் கூடாது என்று உத்தரவு. கூப்பிடுவதில் நேரம் வீணாகிறதாம். அவர் திரைக்குக் கீழே ஒரு ஸ்டூலில், தொண்டையை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்காகிறது. ஆனால் பேசாமலும் இருக்க முடியாது. யாரையாவது நடுவில் வைத்துப் பேசுவார்கள். அன்றைக்கு அகப்பட்டவர் டவாலி.

"கேளுங்க சார்" என்றான் அண்ணன், தங்கச்சிக்குக் கேட்கிற மாதிரி. "நான் என்ன அரக்கனா? பெத்தவள மாடியில அடைச்சு வைக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? என்னைக்கோ தொறந்து விட்டிருப்பேன். உத்தரவு இருக்குன்னு என் வக்கீல் பயமுறுத்துறாரு. கை வச்சா உள்ள தூக்கிப் போட்டுருவாங்களாம்."

"ஆகா!" என்றாள் தையல்காரி, அவளும் டவாலியிடமே. "பூட்டுறப்ப யார் உத்தரவு சார் இருந்துச்சு? அது மட்டும் தானாவே கைக்கு வந்துச்சாமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"அந்த உத்தரவ வாங்கினது யாருன்னு கேளுங்க சார்."

"வாங்க வச்சது யாருன்னு கேளுங்க சார்."

டவாலி இரண்டு பக்கமும் பார்த்தார். "நான் எதையும் கேக்கக் கூடாதும்மா, கூப்பிடவும் கூடாது. எனக்கு ரெண்டும் இல்லன்னு ஆயிடுச்சு" என்றார்.

அண்ணன் சொல்வதில் அவளுக்குத் துளிக்கூட நம்பிக்கை இல்லை. சாக்கு என்றுதான் நினைத்தாள். கோர்ட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும், படி இருவருக்கும் பொது என்று ஒரே ஒரு வரி எழுதட்டும், அப்புறம் பார்க்கிறேன் இவன் முகத்தை என்று கறுவிக்கொண்டு திரையைப் பார்த்தாள். தன் வழக்கு எண்ணைத் தன் பெயர் மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த எண் வரவில்லை. எவனெவனுடைய எண்ணோ வந்தது, போனது. அண்ணனும் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்தைத் தடவிக்கொண்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் கலைந்தார்கள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய்க் கிளார்க்கிடம் எண்ணைச் சொன்னாள்.

அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். "இது முடிஞ்சிருச்சேம்மா."

"முடிஞ்சிருச்சா? யாரு ஜெயிச்சா?"

"யாரும் ஜெயிக்கல. ரெண்டு பேரும் வரல. தள்ளுபடி."

"யாரு வரல? காலையிலேர்ந்து வாசல்ல உக்காந்திருக்கோம்! நீங்க தும்மினது எனக்குக் கேட்டுச்சு!"

"நம்பர் போட்டோமே."

"என் நம்பர் வரவே இல்ல!"

"அது பழைய நம்பர். நிலுவை ஒழிப்புல எல்லாத்துக்கும் புது நம்பர் கொடுத்திருக்கு. உங்க வக்கீலுக்கு மெசேஜ் போயிருக்குமே" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு மட்டும் இல்லம்மா. இன்னைக்குக் காலையில மட்டும் ஒரு கட்டு இப்படிப் போயிருக்கு. நாங்க என்ன செய்ய? எத்தனை முடிச்சீங்கன்னுதான் மேலேர்ந்து கேக்குறாங்க. எப்படி முடிச்சீங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

அவள் அதற்கு மேல் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. நேராக நீதிபதியைப் பார்த்துத் திரும்பினாள். நீதிபதி இன்னும் எழுந்து போகவில்லை. இவள் வயசுதான் இருக்கும் அந்த அம்மாளுக்கு. இரண்டு பக்கமும் கட்டுக்கட்டாகக் காகிதம், நடுவில் தலை மட்டும் தெரிந்தது. தண்ணீரில் முங்கியவள் மூச்சுக்கு மேலே வந்த மாதிரி. பக்கத்தில் இருந்த டீயில் ஆடை கட்டியிருந்தது.

"அம்மா, நான் வெளியிலதான் இருந்தேன்" என்றாள் தையல்காரி. கும்பிடக்கூடத் தோன்றவில்லை. "அண்ணனும் இருந்தாரு. அந்தா, கதவுகிட்ட நிக்கிறாரு பாருங்க. ரெண்டு பேரும் இருந்தோம்."

நீதிபதி தலையைத் தூக்கினார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. பல நாள் தூங்காத தூக்கம் ஒன்று இருந்தது. "மனு போடுங்க."

"இப்பவே சொல்றேனேம்மா. ரெண்டே நிமிஷம். படிக்கட்டு—"

"வாயால சொன்னா நான் எதையும் எழுத முடியாதும்மா. மனு போடுங்க." அவர் அடுத்த கட்டின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடிக்கப் போனவர், ஆள் இருக்கிறது என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது வக்கீல் வேறொரு அறையிலிருந்து அங்கி பறக்க ஓடிவந்தார். ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் அவருக்கு வழக்கு. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "மெசேஜ் நேத்து சாயங்காலம்தான் வந்திருக்கு. இருநூறு கேஸுக்குச் சேர்த்து ஒரே மெசேஜ்மா, நான் எதைன்னு பார்க்க? கவலைப்படாதீங்க. மனு போட்டுத் திரும்ப எடுத்துடலாம்."

"எடுத்தா, விட்ட இடத்துலேர்ந்து நடக்குமா சார்?"

"நடக்கும். ஆனா நம்பர் புதுசா விழும். இந்த வருஷத்துக் கணக்குல."

"பழசுக்குத்தானே இப்ப முதல் இடம்?"

"ஆமா."

"அப்போ நான் கடைசி."

வக்கீல் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கட்டடத்தையே பிரித்துப் போட்டிருப்பாள். இத்தனை வருஷம் ஏணியில் ஏறி இறங்கியது, நல்ல துணி கொடுத்த வாடிக்கையை இழந்தது, அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சந்தில் போகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்டது, எல்லாம் சேர்ந்து 'முடிந்தவை' என்ற கணக்கில் ஒன்றாகிவிட்டது. திட்டுவதற்குக்கூட ஆள் அகப்படவில்லை. கிளார்க் மேல் தப்பில்லை. நீதிபதி மேல் தப்பில்லை. வக்கீல் மேல் தப்பு, ஆனால் அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. தப்பு மட்டும் ஆளில்லாமல் தனியாக நிற்கிறது.

சட்டென்று ஒன்று உறைத்தது. "சார், கேஸ் தள்ளுபடின்னா அந்த உத்தரவு? யாரும் கை வைக்கக் கூடாதுன்னு வாங்கினீங்களே?"

"அதுவும் போச்சு. மரமே விழுந்த பிறகு கூடு எங்க நிக்கும்? அதான் சொல்றேன், இன்னைக்கே மனுவுல கையெழுத்துப் போடுங்க. உங்க அண்ணன் ராத்திரியோட ராத்திரியாச் சுவர் எழுப்பினாலும் இப்ப கேக்க நாதியில்ல."

அண்ணன் கோர்ட்டுப் படியோரமாக ஸ்கூட்டர் சாவியை உருட்டிக்கொண்டு நின்றான். அவளுடைய கால்கள் தாமாகவே அவனிடம் போயின. நடுவில் டவாலியும் இல்லை, வேறு யாரும் இல்லை, நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உத்தரவு போயிடுச்சுண்ணே. இப்ப கோர்ட்டு இல்ல, வக்கீல் இல்ல, உள்ள தூக்கிப் போடவும் ஆள் இல்ல. இனிமே என்ன சாக்கு சொல்லுவ?"

நேரடியாக அண்ணே என்று கேட்டதில் அவன் அடி வாங்கியவன் மாதிரி விழித்தான். ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டான்.

"பார்த்தீங்களா?" என்றார் வக்கீல். "போடுங்க கையெழுத்து."

பேனாவை வாங்கினாள். காகிதத்தின்மேல் வைத்தாள். உத்தரவு திரும்பி வந்தால் சுவர் வராது. ஆனால் பூட்டும் போகாது. உத்தரவு வராவிட்டால் சுவரும் வரலாம், எதுவும் வரலாம். "நாளைக்கு வர்றேன் சார்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். வழியெல்லாம் செங்கல் வண்டி எதிரே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள்.

வீட்டை நெருங்கும்போதே இரும்பு அறுக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஓடிப்போய் வாசலில் நின்றாள். வெல்டிங்காரர் ஒருவர் குந்தி உட்கார்ந்து பூட்டை அறுத்துக்கொண்டிருந்தார். பொறி பறந்தது. அண்ணன் படியடி இருட்டுக்குக் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான், இவளைப் பார்க்காமல்.

"சாவி எங்க?" என்றாள்.

"எந்தக் காலத்துலயோ தொலைஞ்சுபோச்சு."

பூட்டு துண்டாகி விழுந்தது. கீல் துருப்பிடித்திருந்ததால் இரண்டு சுத்தியல் அடி. கதவு கையோடு வந்துவிட்டது. வெல்டிங்காரர் வியர்வைகூடத் துடைக்கவில்லை. "இவ்வளவுதானா வேலை? இதுக்கா அவ்வளவு அவசரம்னு கூட்டிட்டு வந்தீங்க?" என்றார்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அண்ணன் பொய் சொல்லியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அவன் திறக்கத் தயார், இவள் திறக்கச் சொல்லத் தயார், நடுவில் இரண்டு சுத்தியல் அடி. அதற்குள் அம்மாவின் தலை முழுக்க நரைத்துவிட்டது. அழுகை வந்தது, ஆத்திர அழுகை. கீழே கிடந்த பூட்டை ஓர் உதை விட்டாள். கால்தான் வலித்தது.

மாடியில் அம்மாவின் குரல். "யாருடா அது, வீட்ட இடிக்கிறது?"

"இடிக்கலம்மா. தொறந்தாச்சு. இறங்கி வா."

படியின் உச்சியில் அம்மா வந்து நின்றாள். கீழே எட்டிப் பார்த்தாள். "கோர்ட்டு தொறந்து விட்டுச்சாடி?"

"இல்லம்மா. கோர்ட்டு நம்மள விட்டுருச்சு."

"என்ன எழவோ" என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே முதல் படியில் இறங்கினாள். அண்ணன் ஓடிப்போய்க் கை நீட்டினான். "தள்ளுடா. பூட்டுன கையி" என்றாள். அவன் கையை இழுத்துக்கொண்டு, ஆனால் போகாமல், இரண்டு படி கீழே நின்றான்.

அப்போதுதான் அண்ணி கூடத்திலிருந்து வந்தாள். வெல்டிங்காரரிடம் பேசுவது போல ஊருக்கே கேட்கப் பேசினாள். "கேஸை கோர்ட்டே தள்ளிருச்சுங்க. அப்படின்னா நியாயம் நம்ம பக்கம்தானே? இருந்தாலும் பாவம், வயசானவங்க, போயிட்டுப் போகட்டும்னு நாங்களாப் பார்த்துத் தொறந்து விடுறோம்."

தையல்காரியின் அழுகை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. வெல்டிங்காரர் கதவைத் தூக்கிப் பார்த்து, "பழைய இரும்புக்குப் போட்டுரலாமா? நானே எடுத்துக்கிறேன்" என்றார்.

"வேண்டாம் வேண்டாம்" என்றாள் அண்ணி. "இங்கேயே சுவர்ல சாய்ச்சு வைங்க. எதுக்காச்சும் ஆகும்."

கதவு படியோரச் சுவரில் சாய்ந்து நின்றது. மறுபடி மாட்ட ஒரு புதுக் கீல் போதும். அண்ணன் பெண்டாட்டியை முறைத்தானே தவிர, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தையல்காரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து, திறந்து கிடந்த படியை மேலிருந்து கீழ்வரை ஒரு போட்டோ எடுத்தாள். வக்கீலைக் கூப்பிட்டாள்.

"சார், மனுவைப் போடுங்க. காலையில வந்து கையெழுத்துப் போடுறேன். அந்த உத்தரவையும் சேர்த்துக் கேளுங்க. ஆனா புதுசாக் கேளுங்க. இன்னைக்கு இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும், ரெண்டு தரப்பும் கை வைக்கக் கூடாது. போட்டோ அனுப்புறேன்."

வக்கீல், "கேஸ் கடைசி வரிசைக்குப் போயிடும்மா. முடிய எத்தனை வருஷம் ஆகுமோ" என்றார்.

"ஆகட்டும் சார். நீங்க ஒண்ணும் அவசரப்படுத்த வேண்டாம்."

அண்ணனின் முகம் சிவந்தது. "உன்ன நம்பித் தொறந்தேன் பாரு, என்னச் சொல்லணும். நாளைக்கு மறுபடியும் அந்த பெஞ்சுல போய் உக்காரணுமா நான்?"

"உன்ன நான் நம்புறேண்ணே. சுவத்துல சாஞ்சு நிக்குதே, அத நம்பல."

"அதுக்காகக் கோர்ட்டா? இன்னும் பத்து வருஷமா?"

"நீ அத இரும்புக்குப் போடு. நான் மனுவக் கிழிச்சுப் போடுறேன்."

அவன் கதவைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். அண்ணி உள்ளே போய்விட்டாள். வெல்டிங்காரர் கூலியை வாங்கிக்கொண்டு, இதில் மாட்டினால் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள் என்று நழுவினார். அண்ணன் கதவைத் தொடவில்லை. அவளும் போனை இடுப்பில் செருகினாள்.

அம்மா பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். "பேசி முடிச்சாச்சுன்னா சொல்லுங்க. முடியாட்டி அப்புறம் பேசுங்க. எனக்கு வாசலுக்குப் போகணும்" என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தபடியே, ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.